உலாவி திறந்ததும் வேண்டாத பக்கம் வருகிறதா? அது திரும்பி வரும் நேரத்தைக் கவனியுங்கள்

உலாவியைத் திறந்ததும், நீங்கள் வைத்திருந்த தொடக்கப் பக்கம் வராமல், பெயரே கேள்விப்படாத ஒரு தேடல் பக்கம் வருகிறது. அமைப்புகளுக்குள் போய் அதை நீக்கிவிட்டுப் பழைய பக்கத்தை வைக்கிறீர்கள். சரியாகிவிட்டது என்று நம்பிக் கணினியை அணைக்கிறீர்கள். மறுநாள் திறந்தால் அதே பக்கம் மறுபடியும் முன்னால் நிற்கிறது. கணினிக்குப் புதியவர்களில் பலர் இந்த இடத்தில், தாம் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிச் சோர்ந்துபோய், அந்தப் பக்கத்தோடேயே பழகிக்கொள்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. அமைப்பை நீங்கள் சரியாகத்தான் மாற்றினீர்கள். நீங்கள் மாற்றியதை வேறொன்று திரும்ப எழுதிவிடுகிறது. எழுதுவது எது என்று கண்டு அதை நீக்கும்வரை, அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் நிலைக்காது.

இப்படிச் செய்வதன் பின்னால் இருப்பது பணம். உங்கள் தேடல்கள் அந்தப் பக்கத்தின் வழியாகப் போனால், விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு அதை வைத்தவருக்குக் கிடைக்கும். அதனால்தான் இத்தகைய பக்கங்கள் பல, நீங்கள் தேடும் சொல்லை வாங்கிக்கொண்டு, கடைசியில் யாகூ, பிங் போன்ற அறியப்பட்ட தேடுபொறியின் முடிவுகளையே காட்டுகின்றன. 2003-ஆம் ஆண்டு வாக்கில் பரவிய கூல்வெப்சர்ச் இந்த வகையின் ஆரம்பகால உதாரணங்களுள் ஒன்று. 2017 ஜூன் மாதத்தில் செக் பாயிண்ட் நிறுவனம் ஃபயர்பால் என்ற நிரலைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், உலகெங்கும் 25 கோடிக் கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிட்டிருந்தது. அதுவும் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றுவதையே தொழிலாகக் கொண்டிருந்தது. ஆகவே, உங்களுக்கு மட்டும் நேர்ந்த விபரீதம் என்று இதை எண்ண வேண்டாம்.

மாறியிருப்பது எது?

சரிசெய்யத் தொடங்கும் முன், உலாவியில் ஒன்றுபோலத் தோன்றும் நான்கு அமைப்புகளைப் பிரித்தறிய வேண்டும். உலாவியைத் திறந்ததும் முதலில் வருவது தொடக்கப் பக்கம். வீட்டுப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் வருவது முகப்புப் பக்கம். கூட்டல் குறியை அழுத்திப் புதிய டேப் திறந்தால் வருவது புதிய டேப் பக்கம். முகவரிப் பட்டையில் ஒரு சொல்லைத் தட்டி என்டர் அழுத்தினால் அந்தத் தேடல் எங்கே போகிறது என்பதை முடிவு செய்வது இயல்புத் தேடுபொறி. குரோமில் இவை நான்கும் ஒன்றுக்கொன்று தனியானவை. புதிய டேப் பக்கத்துக்கு நேரடியான மாற்று அமைப்பே குரோமில் கிடையாது, ஒரு நீட்சியோ (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் சிறு நிரல், எக்ஸ்டென்ஷன்) தேடுபொறி மாற்றமோ இருந்தால்தான் அது மாறும். ஆகையால் நான்கையும் ஒருமுறை சோதித்து, எவை மாறியுள்ளன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேண்டாத பக்கத்தின் முகவரியையும் எழுத்துப் பிசகாமல் எழுதி வையுங்கள். பின்னால் பல இடங்களில் அந்த முகவரியைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

எல்லாமே அத்துமீறல் என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். உலாவி புதிய பதிப்புக்கு மாறியதும் புதிய வசதிகளை விளக்கும் பக்கம் ஒருமுறை தானாகத் திறப்பதுண்டு. எட்ஜ் உலாவியின் புதிய டேப்பில் செய்திகள் நிறைந்திருப்பது அதன் இயல்பான தோற்றம். பொது இடத்து வைஃபையில் இணைந்ததும் வரும் உள்நுழைவுப் பக்கம் அந்த இணைப்புக்கு உரியது. வேறு இணைப்புக்கு மாறினால் வராது. இன்னொன்றும் உண்டு: விட்ட இடத்திலிருந்து தொடரும்படி குரோமை அமைத்திருந்தால், நேற்று மூடும்போது திறந்திருந்த பக்கம் இன்றும் திறக்கும். அந்த டேப்பை மூடிவிட்டு, அதன்பின் உலாவியை மூடித் திறந்து பாருங்கள். இவ்வளவில் தீர்ந்துபோன சிக்கல்களும் உண்டு.

எப்போது திரும்பி வருகிறது?

இந்தச் சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது என்பேன், ஏனென்றால் மற்ற வேலைகளின் வரிசையை இதுதான் தீர்மானிக்கிறது. குரோமின் அமைப்புகளில் ‘ஆன் ஸ்டார்ட்டப்’ என்ற பகுதிக்குச் செல்லுங்கள். எட்ஜில் அது ‘ஸ்டார்ட், ஹோம், அண்ட் நியூ டேப்ஸ்’ என்ற பெயரில் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ‘ஹோம்’ என்ற பகுதி. சஃபாரியில் ‘ஜெனரல்’ பகுதியில் உள்ள முகப்புப் பக்கக் கட்டம். அங்கே வேண்டாத முகவரியை நீக்கி, உங்களுக்கு வேண்டியதை வையுங்கள். பிறகு உலாவியை மட்டும் முழுவதுமாக மூடித் திறந்து பாருங்கள். அப்போது வராவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். அப்போதும் வராவிட்டால் ஓரிரு நாள் வழக்கம்போலப் பயன்படுத்திப் பாருங்கள்.

உலாவியை மூடித் திறந்தவுடனேயே அந்தப் பக்கம் வந்தால், காரணம் உலாவிக்கு மிக அருகில் இருக்கிறது: ஒரு நீட்சி, அல்லது உலாவியைத் திறக்க நீங்கள் அழுத்தும் ஐகான் (ஷார்ட்கட்), அல்லது உலாவியின் மேல் விதிக்கப்பட்ட பாலிசி, அதாவது அமைப்புகளைப் பூட்டி வைக்கும் கட்டாய விதி. கணினியை ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் வருகிறது என்றால், கணினியோடு சேர்ந்து தொடங்கும் ஒரு நிரலைச் சந்தேகிக்க வேண்டும். எதுவும் செய்யாமலே சில மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்றால், நேரம் குறித்து இயங்கும் பணி ஒன்று பின்னால் இருக்கலாம். உங்கள் கணக்கில் உள்நுழைந்த பிறகு திரும்புகிறது என்றால் அது சிங்க் (ஒரே கணக்கில் உள்ள கணினிகளின் உலாவி அமைப்புகளை ஒன்றுபோல வைக்கும் வசதி) வழியாக வேறொரு கணினியிலிருந்து வருகிறது. அமைப்பை மாற்றவே முடியாமல் கட்டம் மங்கலாக இருந்தால், அதைக் கட்டுப்படுத்துவது யார் என்று பெரும்பாலும் உலாவியே அருகில் எழுதியிருக்கும். அந்த வரியைப் படியுங்கள். இன்ன நீட்சி இந்த அமைப்பைக் கட்டுப்படுத்துகிறது என்று பெயரோடு சொல்லி, அதை முடக்கும் பொத்தானையும் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் காட்டுவதுண்டு.

வேலை முடியும்வரை இரண்டு எச்சரிக்கைகள். அந்தப் பக்கத்தில் எதையும் தேடாதீர்கள், கடவுச்சொல் எதையும் இடாதீர்கள். சிங்க் வசதியை எல்லாக் கணினிகளிலும் நிறுத்தி வையுங்கள். ஒன்றைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்று பழைய நீட்சியைத் திரும்ப அனுப்பிவிடும்.

நிரல்களும் நீட்சிகளும்

முதலில் கணினியில் நிறுவப்பட்டுள்ள நிரல்களைப் பாருங்கள். விண்டோஸில் அமைப்புகளுக்குள் ‘ஆப்ஸ்’ பகுதியில் நிறுவிய செயலிகளின் பட்டியல் இருக்கும். அதை நிறுவிய தேதிவாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை என்றைக்குத் தொடங்கியது என்று நினைவுபடுத்திப் பார்த்து, அந்த நாளை ஒட்டி வந்தவற்றைக் கவனியுங்கள். இலவச வீடியோ மாற்றி, பிடிஎஃப் கருவி, டவுன்லோட் உதவி என ஏதோ ஒன்றை நிறுவும்போது, அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனதில், முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட ஒரு கட்டத்தின் வழியாக இந்த விருந்தாளி உள்ளே நுழைந்திருப்பான். ஒரே நாளில், நீங்கள் நிறுவியதாக நினைவே இல்லாத இரண்டு மூன்று நிரல்கள் சேர்ந்தாற்போல இருந்தால் அவை வலுவான சந்தேகத்துக்குரியவை. பெயர் புரியாத எல்லாவற்றையும் நீக்கிவிடாதீர்கள். வன்பொருள் டிரைவர்களுக்கும் விசித்திரமான பெயர்கள் உண்டு. வெளியிட்டவர் பெயரைப் பார்த்து, ஐயம் இருந்தால் இணையத்தில் தேடி உறுதி செய்த பிறகு நீக்குங்கள்.

அடுத்து கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்டப் ஆப்ஸ்’ பட்டியலில் அறிமுகமில்லாததை முடக்குங்கள். பிறகு ‘டாஸ்க் ஷெட்யூலர்’ என்று தேடித் திறந்து, அதன் நூலகத்தில் உள்ள பணிகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதியில் எது இயக்கப்படுகிறது என்று பாருங்கள். உலாவியின் பெயரோடு சேர்த்து, நீங்கள் குறித்து வைத்த முகவரி அங்கே இருந்தால் கள்ளன் கையும் களவுமாகப் பிடிபட்டான் என்று பொருள். அந்தப் பணியை நீக்கிவிடலாம். மேக் கணினியில் இதற்கு இணையான இடம் ‘லாகின் ஐட்டம்ஸ்’.

நீட்சிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றாக ஆராய்ந்து கொண்டிருப்பதைவிட எல்லாவற்றையும் ஒரேயடியாக முடக்கிவிட்டுச் சோதிப்பது விரைவானது. முடக்கிய நிலையில் பக்கம் வராவிட்டால், ஒன்றை இயக்கி உலாவியை மூடித் திறந்து பார்ப்பது, பிறகு அடுத்ததை இயக்குவது என்று போனால் குற்றவாளி தெரிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸில் உதவி மெனுவில் உள்ள ‘ட்ரபிள்ஷூட் மோட்’ எல்லா நீட்சிகளையும் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டுத் திறப்பதால் இந்தச் சோதனை இன்னும் எளிது. பல ஆண்டுகளாக நன்றாக இருந்த நீட்சியாயிற்றே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். நீட்சிகள் கைமாறுவதுண்டு, புதிய உரிமையாளர் அனுப்பும் ஒரு புதுப்பிப்பில் அதன் குணமே மாறிவிடக்கூடும்.

ஷார்ட்கட் என்ற மறைவிடம்

ஒரு முறை உறவினர் ஒருவரின் மடிக்கணினியில் நீட்சிகளை நீக்கி, நிரல்களை நீக்கி, அமைப்பை மாற்றி, எல்லாம் முடித்தும் அந்தப் பக்கம் வந்துகொண்டே இருந்தது. தற்செயலாக ஸ்டார்ட் மெனுவிலிருந்து உலாவியைத் திறந்தபோது வரவில்லை. கீழ்ப்பட்டையில் இருந்த ஐகானை அழுத்தினால் மட்டும் வந்தது. அந்த ஐகானின் பண்புகளைத் திறந்து பார்த்தேன். ‘டார்கெட்’ என்ற கட்டத்தில், உலாவியின் கோப்புப் பெயர் இரட்டை மேற்கோள் குறியோடு முடிந்த பிறகு, ஓர் இடைவெளி விட்டு, அந்தப் பக்கத்தின் முழு முகவரியும் எழுதப்பட்டிருந்தது. கட்டம் சிறியது என்பதால் கர்சரை வலது ஓரம்வரை நகர்த்தினால்தான் அது கண்ணில் படும். உலாவியின் அமைப்புகளில் எந்தத் தவறும் இல்லை. திறக்கும்போதே இந்தப் பக்கத்தைத் திற என்று ஷார்ட்கட் கட்டளையிட்டுக்கொண்டிருந்தது.

இதை நீங்களும் பாருங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள ஐகானை வலச்சொடுக்கி ‘ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழ்ப்பட்டை ஐகானுக்கு ஒரு படி கூடுதல்: ஐகானை வலச்சொடுக்கினால் வரும் சிறு பட்டியலில் உலாவியின் பெயரை மறுபடி வலச்சொடுக்க வேண்டும். கோப்புப் பெயருக்குப் பின்னால் இணைய முகவரி இருந்தால் அதை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். அழிக்க விடாமல் அடம்பிடித்தால் அந்த ஷார்ட்கட்டையே நீக்கிவிட்டு, ஸ்டார்ட் மெனுவிலிருந்து புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பதும் கீழ்ப்பட்டையில் இருப்பதும் வெவ்வேறு கோப்புகள். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது சரியாகாது.

பாலிசி வழியாகப் பூட்டப்பட்டிருந்தால்

உலாவியின் மெனுவின் அடியில், இந்த உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்ற வரி தெரிகிறதா என்று பாருங்கள். அலுவலகமோ கல்லூரியோ கொடுத்த கணினியில் அந்த வரி இருப்பது முறையானதே. அதில் கை வைக்காமல், கணினியைப் பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். உங்கள் சொந்தக் கணினியில் அது இருந்தால் யோசிக்க வேண்டும். நூற்றுக்கணக்கான கணினிகளை ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்த நிறுவனங்களுக்காக ஏற்படுத்தப்பட்ட வசதியை, இத்தகைய நிரல்கள் வீட்டுக் கணினியில் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துகின்றன. பாலிசியாக எழுதப்பட்டதை அமைப்புகளில் மாற்ற முடியாது. பாலிசி வழியாக வந்த நீட்சிக்கு நீக்கும் பொத்தானும் வேலை செய்யாது.

குரோமில் என்னென்ன பாலிசிகள் உள்ளன என்று பார்க்க, முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் எழுதி, அதை ஒட்டி ஒரு முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, பாலிசி என்ற ஆங்கிலச் சொல்லோடு முடித்து என்டர் தட்டுங்கள். எட்ஜில் முதல் சொல்லாக எட்ஜ் என்று எழுத வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் அபவுட் என்ற சொல், முக்காற்புள்ளி, பாலிசீஸ் என்ற சொல் ஆகிய மூன்றும் இடைவெளியின்றி வர வேண்டும். வரும் பட்டியலில் ஹோம்பேஜ் லொகேஷன், ரிஸ்டோர் ஆன் ஸ்டார்ட்டப், டிஃபால்ட் சர்ச் ப்ரொவைடர், எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட் போன்ற பெயர்கள் இருந்து, அவற்றின் எதிரே நீங்கள் குறித்து வைத்த முகவரியோ 32 எழுத்துகள் கொண்ட நீட்சி அடையாளமோ இருந்தால் காரணம் அகப்பட்டுவிட்டது. நிர்வகிக்கப்படுகிறது என்ற அந்த வரி இருப்பதாலேயே பதற வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்: சில வைரஸ் தடுப்பு நிரல்களும் தம் சான்றிதழுக்காக ஃபயர்ஃபாக்ஸில் ஒரு பாலிசி வைப்பதுண்டு, அதற்கும் தொடக்கப் பக்கத்துக்கும் தொடர்பில்லை.

விண்டோஸில் இந்தப் பாலிசிகள் ரிஜிஸ்ட்ரி என்ற, கணினியின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளத்தில், சாஃப்ட்வேர் என்பதன் கீழ் உள்ள பாலிசீஸ் கிளையில், உலாவி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் ஆகிய இரண்டு பிரிவுகளிலும் பார்க்க வேண்டும். ரிஜிஸ்ட்ரியில் தவறான ஒன்றை அழித்தால் விண்டோஸே தடுமாறக்கூடும் என்பதால், புதியவர்கள் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். முதலில் அடுத்துச் சொல்லும் துப்புரவுக் கருவியை ஓட்டிப் பாருங்கள், அது பெரும்பாலும் இவற்றையும் நீக்கிவிடும். கையால்தான் நீக்க வேண்டும் என்றால், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து நகல் எடுத்துவிட்டுத் தொடுங்கள். மேக்கில் கணினி அமைப்புகளின் தேடல் கட்டத்தில் ‘ப்ரொஃபைல்ஸ்’ என்று தேடி, நீங்கள் நிறுவாத ப்ரொஃபைல் (அமைப்புகளைக் கட்டாயமாக்கும் கோப்பு) இருந்தால் நீக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸுக்கு மட்டும் இன்னொரு மறைவிடம் உண்டு: உங்கள் புக்மார்க், அமைப்புகள் முதலியவற்றை அது சேமித்து வைக்கும் ப்ரொஃபைல் கோப்புறையில் யூசர் என்ற பெயருள்ள ஜேஎஸ் கோப்பு இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதில் உள்ளதை ஃபயர்ஃபாக்ஸ் தன் அமைப்புகளின் மேல் எழுதிக்கொள்ளும். நீங்களாக அதை உருவாக்கவில்லை என்றால் அது அங்கே இருக்க வேண்டிய கோப்பே அன்று.

துப்புரவு, பிறகு ரீசெட்

விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் அட்வ்கிளீனர் இந்த வகைத் தொல்லைகளுக்கென்றே எழுதப்பட்டது. 2016 முதல் மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் வசம் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு நிரலிலும் முழுச் சோதனை ஒன்றை ஓட்டுங்கள். ‘ரெப்யூட்டேஷன் பேஸ்டு ப்ரொடக்‌ஷன்’ பகுதியில் வேண்டாத செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய வழிகாட்டிகள் குரோமுக்குள்ளேயே இருந்த துப்புரவுக் கருவியைப் பயன்படுத்தச் சொல்லும். அதைக் கூகுள் 2023-இல் நீக்கிவிட்டதால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். வேண்டாத பக்கத்தின் பெயரை இணையத்தில் தேடினால், அதை நீக்கும் மென்பொருளை விலை கொடுத்து வாங்கச் சொல்லும் பக்கங்கள் வரிசையாக வரும். அவற்றில் எதையும் நிறுவாதீர்கள், திரையில் தெரியும் உதவி எண்களுக்கு அழைக்கவும் செய்யாதீர்கள். பயந்திருக்கும் நேரத்தில் ஏமாற்றுவது எளிது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உலாவியை ரீசெட் செய்ய வேண்டும். பலர் இதையே முதலில் செய்துவிட்டு, பலனில்லை என்று கைவிடுகிறார்கள்; எழுதும் நிரல் உள்ளே இருக்கும்போது ரீசெட் செய்தால் அது மறுபடியும் எழுதத்தான் செய்யும். உலாவியை அழித்து மறுபடி நிறுவினாலும் இதே கதிதான், ஏனென்றால் ப்ரொஃபைலும் பாலிசியும் பெரும்பாலும் அப்படியே கணினியில் தங்கிவிடுகின்றன. குரோமில் அமைப்புகளின் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ பகுதியில் இது இருக்கிறது. தொடக்கப் பக்கம், தேடுபொறி, நிலையாகப் பொருத்தி வைத்த (‘பின்’ செய்த) டேப்கள் ஆகியவை ஆரம்ப நிலைக்குப் போகும், நீட்சிகள் முடக்கப்படும், குக்கீகள் அழிவதால் தளங்களில் மறுபடி உள்நுழைய நேரும். புக்மார்க்குகள், வரலாறு, சேமித்த கடவுச்சொற்கள் அழியமாட்டா. ஃபயர்ஃபாக்ஸில் ‘ரிஃப்ரெஷ் ஃபயர்ஃபாக்ஸ்’ என்ற பெயரில் இருப்பது நீட்சிகளை நீக்கி, புக்மார்க், கடவுச்சொல் போன்றவற்றைக் காப்பாற்றிக்கொள்ளும். பழைய தரவை டெஸ்க்டாப்பில் ஒரு கோப்புறையில் போட்டு வைக்கும்.

ரீசெட் முடிந்ததும் அறிவிப்பு அனுமதிகளைத் திறந்து பாருங்கள். திரையின் மூலையில் வைரஸ் எச்சரிக்கை போல வருபவை பெரும்பாலும், என்றோ ஒரு தளத்துக்கு ‘அலோ’ என்று நாம் கொடுத்த அனுமதியின் விளைவு. அறிமுகமில்லாத தளங்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு போனில் வேலை சுருக்கமானது: குரோமின் அமைப்புகளில் ‘ஹோம்பேஜ்’ பகுதியைச் சரிசெய்து, அண்மையில் நிறுவிய செயலிகளில் ஐயத்துக்குரியதை நீக்குங்கள். நீக்க விடாமல் தடுத்தால், போனைக் கட்டுப்படுத்தும் உரிமை பெற்ற செயலிகளைக் காட்டும் டிவைஸ் அட்மின் பட்டியலில் அந்தச் செயலிக்கு உள்ள அனுமதியை முதலில் எடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, எழுதி வைத்த தாளை எடுத்து நான்கு அமைப்புகளையும் மறுபடி சோதியுங்கள்: உலாவியை மூடித் திறந்து ஒரு முறை, கணினியை ரீஸ்டார்ட் செய்து ஒரு முறை. வீட்டில் உள்ள மற்றக் கணினிகளிலும் நீட்சிகளின் பட்டியலைப் பார்த்து முடித்த பிறகு சிங்க் வசதியை இயக்குங்கள். தொல்லை இருந்த நாட்களில் அந்த உலாவி வழியாக வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ உள்நுழைந்திருந்தால், துடைத்து முடித்த கணினியில் உட்கார்ந்து அந்தக் கடவுச்சொற்களை இன்றே மாற்றிவிடுங்கள்.